இன்னும் ஒன்றும் கேட்கவில்லை

அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டால் அவர் ‘ஹலோ’ சொல்ல மாட்டார். எடுத்து, காதில் வைத்துக்கொண்டு, சும்மா இருப்பார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. நாம்தான் பேச வேண்டும். “அக்கா, நான்தான், கீழ்வீட்டிலிருந்து பேசறேன்” என்றால், “வையும், நான் எடுக்கிறன்” என்று துண்டித்துவிடுவார். உடனே என் தொலைபேசி அடிக்கும். தன்னிடம் இருக்கும் எண்ணுக்குத் தானே அழைத்து, எடுப்பது நான்தான் என்று தெரிந்த பிறகே விஷயத்துக்கு வருவார்.

எனக்கு மட்டும் என்று நினைத்து ஆரம்பத்தில் வருத்தப்பட்டேன். அவருடைய கணவருக்கும் அதேதான் என்று பிறகு தெரிந்தது. அவர் நெடுந்தூர லொறி ஓட்டுபவர். “கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் இவவுக்கு ஒரு கோல் எடுத்துக் கதைச்சதில்லை, தங்கச்சி. நான் எடுக்கிறது, அவ வைக்கிறது, பேந்து அவ எடுக்கிறது. இதுதான் எங்கட சீவியம்” என்று சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார்.

மொன்றியலில் எனக்கு வேலை கிடைத்து, கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியது இரண்டாயிரத்து ஏழில். நகரின் வில்லரே பகுதியில் அவர்கள் வாங்கியிருந்த இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் குடியேறினேன். மேலே அக்காவும் கணவரும். வெளிப்பக்கமாக வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு அவர்களுடையது. அந்தப் படியில் யார் கால் வைத்தாலும் என் சமையலறைக்குக் கேட்கும். அக்காவுக்கு அதற்கு முன்பே கேட்டுவிடும்.

வந்த புதிதில் அவர் என்னிடம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த வாரம் இட்டலி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அதையே திரும்பக் கேட்டார். மறதி என்று நினைத்தேன். இன்னொரு நாள், துணி காயப்போடும்போது, “அப்பா மில்லில எண்டு சொன்னனீர், என்ன?” என்றார். “இல்லைக்கா, மின்சார வாரியத்தில்” என்றேன். முகம் கொஞ்சம் இளகியது. அன்று மாலை மேலே வந்து தேநீர் குடிக்கச் சொன்னார். மறதி இல்லை என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

அவருக்கு வேலை ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். யாராவது அவரை வேகப்படுத்தினால் மட்டும் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் எல்லாம் ஒரேயடியாக மெதுவாகிவிடும். “என்னை ஆரும் அவசரப்படுத்தினால் எனக்கு நித்திரை வருது, பிள்ளை. அது என்ர உடம்பு வாகு” என்பார். ஒருமுறை, மஞ்சள் மேலங்கி அணிந்த இரண்டு பேர் கதவைத் தட்டி, சுடுநீர்த் தொட்டியில் கசிவு இருக்கிறதாம், உடனே பார்க்க வேண்டும் என்றார்கள். அக்கா கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றபடியே, “பொன்ஜூர், கொஞ்சம் நில்லுங்கள், உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்” என்று தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு பக்கமாக. அவர்கள் எப்போது போனார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வயதான இத்தாலியத் தம்பதி அவர்களை உள்ளே விட்டிருந்தார்கள். அந்த அம்மாளின் நகைப் பெட்டி போய்விட்டது.

ஏன் இப்படி என்று கேட்டேன். ஊரில் ஒரு சித்தப்பா காணியை ஏமாற்றி எழுதிக்கொண்டதாகச் சொன்னார். இன்னொரு முறை கேட்டபோது, கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதைச் சொன்னார். பிறகொரு நாள், “சும்மா, பிறவிக்குணம்” என்றார். எது உண்மை என்று கேட்டால், “எல்லாம் வைச்சுக்கொள்ளும்” என்பார். தன்னைப் பற்றிய சேதியைக்கூட ஒரே ஆளிடம் முழுதாக ஒப்படைக்க அவர் தயாராக இல்லை.

அந்த நாட்களில்தான் எல்லோரும் சமூக வலைத்தளங்களில் சேர ஆரம்பித்தார்கள். கோயிலில் சந்திப்பவர்கள், “நீங்கள் அதில இல்லையோ?” என்று கேட்கத் தொடங்கியதும் அக்காவும் என்னைக் கூப்பிட்டு ஒரு கணக்குத் திறக்கச் சொன்னார். முகப்படத்துக்கு, பால்கனியில் சாத்தி வைத்திருந்த பனி அள்ளும் மண்வெட்டியைப் படம் பிடித்துப் போட்டார். பிறந்தநாளுக்கு வாயில் வந்த தேதி ஒன்றைச் சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தத் தேதி வந்தபோது அவருடைய பக்கத்தின் சுவர் முழுக்க வாழ்த்துகள். அக்கா ஒவ்வொன்றாகப் படித்து, “பாரும், இவ்வளவு பேருக்கும் என்னைத் தெரியாது” என்றார். குரலில் வருத்தமே இல்லை. கணக்குச் சரியாக வந்த திருப்திதான் இருந்தது.

ஒருநாள் அவருடைய சிநேகிதி ஒருவரின் கணக்கிலிருந்து செய்தி வந்தது. லண்டனில் கைப்பையைப் பறிகொடுத்துவிட்டேன், ஹோட்டல்காரன் விடமாட்டேன் என்கிறான், உடனே பணம் அனுப்பு, ஊர் திரும்பியதும் தருகிறேன். அந்தச் சிநேகிதி இதே மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருப்பவர். அக்கா பதில் எழுதவில்லை. வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார்.

“நீர் எங்க நிக்கிறீர்?”

“குசினியில. மீன் வெட்டிறன். ஏன்?”

“லண்டனில நிக்கிறீராம். கெதியா வந்து சேரும்” என்று வைத்துவிட்டார். பிறகு திரும்பக் கூப்பிட்டு, கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். அந்தச் செய்தி வேறு பத்துப் பேருக்கும் போயிருந்தது. அவர்களில் ஒருவர் பணம் அனுப்பியும் விட்டிருந்தார்.

சுத்துமாத்து என்பது அவர் சொல். ஏமாற்று எதுவானாலும் சுத்துமாத்துதான். அந்தச் சொல்லை அவர் உச்சரிக்கும்போது ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது போல இருக்கும்.

கலாவின் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

கலா மொன்றியலிலேயே கார்ட்டியர்வில் பக்கம் இருந்தார். ஒரு கார்தறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை. அக்காவை விட வயதில் இளையவர். சொந்தமில்லை, ஆனால் சனிக்கிழமைகளில் சொந்தக்காரி போலவே படியேறி வருவார். ஊரில் அவருக்கு இருந்தது ஒரே தம்பி. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சுதன். யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது தம்பியின் தொடர்பு அறுந்தது. யுத்தம் முடிந்தது. அப்போதும் சேதி இல்லை. முகாம்களில் லட்சக்கணக்கானவர்கள் அடைபட்டிருந்தார்கள். யார் உள்ளே, யார் இல்லை என்று சொல்ல ஆளில்லை.

மொன்றியலில் பலரும் செய்ததைக் கலாவும் செய்தார். தம்பியின் படத்தை இணையத்தில் போட வேண்டும் என்று என்னிடம் வந்தார். வாழை இலை நிழல் கன்னத்தில் விழுந்த ஒரு படம். பக்கத்தில் நிற்பது கலா. அதை ஸ்கேன் செய்து, அவர் சொன்னபடி பெயர், வயது, படித்த பள்ளிக்கூடம், கடைசியாக இருந்த இடம், அம்மா அப்பா பெயர், கலாவின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதிப் பக்கத்தைத் தயாரித்தேன். அக்கா வந்து பார்த்தார்.

“எல்லாத்தையும் போட்டிட்டீர். இனிப் பொய் சொல்லுறவன் யோசிக்கவே தேவையில்லை.”

“தேடுறதெண்டால் போடத்தானே வேணும், அக்கா” என்றார் கலா.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிக்கட்டு அதிரக் கலா ஓடிவந்தார். கையில் மடிக்கணினி. அழுகையும் சிரிப்பும். “இருக்கிறான் அக்கா! என்ர தம்பி இருக்கிறான்!” சத்தம் கேட்டு நானும் மேலே போனேன்.

யாரோ ஒருவர் எழுதியிருந்தார். நான் உங்கள் தம்பியோடு ஒரே கூடாரத்தில் இருக்கிறேன். அவருக்குக் காயம், பேச வர முடியாது. காவலுக்கு நிற்கும் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். பணம் கொடுத்தால் இந்த வாரத்துக்குள் வெளியே எடுத்துவிடலாம். பிறகு முடியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் தம்பிக்கு ஆபத்து. கூடவே சுதனின் மங்கலான முகப்படம் ஒன்று.

கலா ஏற்கனவே மறுநாள் காலை வங்கிக்குப் போவதற்கான ஏற்பாட்டில் இருந்தார். அக்கா கணினியைத் தன் பக்கம் திருப்பி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொட்டாவி விட்டார். நிஜமாகவே விட்டார்.

“ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமாம்” என்றார். “நாங்கள் ரெண்டு பேர் கதைக்கிறது ஏன் இவனுக்குப் பிடிக்கேல்ல?”

“பயத்தில சொல்லுறார் அக்கா.”

அக்கா படத்தைப் பெரிதாக்கினார். கன்னத்தில் ஒரு நிழல். நாங்கள் போட்ட படத்தைப் பக்கத்தில் திறந்தார். அதே நிழல், அதே சாய்வு. ஓரத்தில் வெட்டுப்பட்டது போக மிஞ்சியிருந்தது கலாவின் தோள்.

“இது நீ போட்ட படம்.”

“அவன் எப்பவும் ஒரே மாதிரித்தான் முகத்தை வைச்சுக்கொண்டு நிப்பான்.”

“உன்ர தோளும் முகாமுக்கை நிக்குதோ?”

அக்கா செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்தார். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். விரலை ஒரு வரியில் வைத்தார். “நேத்து உங்க தம்பிகிட்ட பேசினேன், ரொம்ப பலவீனமா இருக்கார்.” அதை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

“எங்கட ஆக்கள் ‘கதைச்சனான்’ எண்டுதான் எழுதுவினம். இது எங்கட தமிழில்லை.”

பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“இது உம்மட தமிழ்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேசையிலிருந்து ஓர் அடி பின்வாங்கினேன். கலாவும் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்தைத் தயாரித்தவள் நான். படம் என் கணினியில் இருந்தது. எல்லா விவரமும் எனக்குத் தெரியும்.

“இதை எழுதினது நீரோ?”

“அக்கா!”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்.”

“நான் எழுதலை” என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கியதே குற்றம் போலத் தோன்றும் என்று பயந்தேன். அக்கா என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. “சரி” என்றார் கடைசியில், பட்டியலில் ஒரு பெயரை அடித்தது போல. அப்படியே கணினியின் பக்கம் திரும்பிவிட்டார்.

“கலா, ஒண்டு கேட்டு எழுது. வயித்தில ஒப்பரேசன் செய்த இடம் இப்பவும் நோகுதோ எண்டு கேள்.”

“அவனுக்கு ஒப்பரேசன் ஒண்டும் செய்யேல்லையே.”

“அதுக்குத்தான்.”

கலா கையை எடுத்துக்கொண்டார். “வேண்டாம் அக்கா. சோதிக்கிறம் எண்டு தெரிஞ்சால் கோவிச்சுக்கொண்டு விட்டிடுவார். பேந்து ஆரைப் பிடிக்கிறது?”

“உண்மையான ஆள் கோவிக்க மாட்டான். ‘அப்பிடி ஒண்டும் இல்லையே’ எண்டுதான் எழுதுவான். எழுதட்டும். எழுதினால் நானே உன்னோட வங்கிக்கு வாறன். என்ர காசையும் தாறன்.”

கலா கணினியை இழுத்து வைத்துக்கொண்டு அடித்தார். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் காத்துக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும். பதில் சீக்கிரமே வந்தது. ஆமாம், ரொம்ப வலிக்குதுன்னு அழறார், மருந்துச் செலவுக்கும் சேர்த்து அனுப்புங்க.

அக்காவிடம் ‘நான் சொன்னேன் இல்லையா’ என்ற பார்வைகூட இல்லை. கலா கணினியை மூடினார். சட்டென்று எழுந்தார்.

“காலமையிலயிருந்து அவன் ஒரு இடத்தில இருந்தவன் அக்கா. காயத்தோட எண்டாலும் இருந்தவன். இப்ப எங்கயும் இல்லை. நீங்கள்தான் அவனைக் கொன்றுபோட்டியள்.”

படிக்கட்டில் அவர் இறங்கிய சத்தம் தெருவரை கேட்டது.

நானும் கொஞ்ச நாள் அக்காவிடம் பேசவில்லை. ஒருநாள் வாசலில் என்னை மறித்து, “கேட்டது பிழை எண்டு நினைக்கிறீரோ?” என்றார்.

“நினைக்கிறேன்.”

“கேக்காமல் விட்டிருந்தால் இண்டைக்கும் உம்மைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருப்பன். கேட்டபடியால் அது முடிஞ்சுது.” மன்னிப்பு என்ற சொல் அவருடைய எந்த மொழியிலும் இல்லை போலிருக்கிறது. அன்று மாலை மீன்குழம்பு வந்தது. நான் சைவம் என்பது அவருக்குத் தெரியும். கணவருக்கு வைத்ததைப் பதற்றத்தில் எடுத்து வந்துவிட்டார். கீழே வந்து நின்ற அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது.

கலா வரவே இல்லை. கோயிலில் அக்காவைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவார். “காசு தப்பிச்சுது. எனக்கு அது காணும்” என்றார் அக்கா. ஆனால் வேலை முடிந்து வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் கணினியைத் திறப்பார். சுதனின் பக்கத்தில் யார் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். சோதிடம் பார்த்துத் தம்பி இருக்கும் திசையைச் சொல்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். செஞ்சிலுவை ஆள் என்று சொல்லிக்கொண்ட ஒருவருடைய கணக்கு முந்தின நாள்தான் திறக்கப்பட்டிருந்தது. அக்கா அவற்றைப் போலிக் கணக்கு என்று தளத்துக்கு முறையிட்டு, அகற்றப்படும்வரை விடமாட்டார். கலாவுக்கு இது தெரியாது. சொல்லட்டுமா என்று கேட்டேன். “உம்மட வேலையைப் பாரும்” என்றார்.

அந்த வருடக் கடைசியில், முதல் பனி விழுந்து உருகாமல் கிடந்த ஒரு சனிக்கிழமை, படிக்கட்டில் காலடி கேட்டது. அவசரமில்லாத நடை. கலா கதவுக்கு வெளியே காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் திறந்தார். ஒருவரும் பழையதைப் பேசவில்லை. கலா கணினியை மேசையில் வைத்து, “இதையும் பாருங்கோ” என்றார்.

வவுனியாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். முகாமிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். இணையக் கடைக்கு மச்சானோடு வந்து எழுதுகிறாள். படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்ததாம். கடைசி நாட்களில் சுதனும் அவள் குடும்பமும் ஒரே பதுங்குகுழியில் இருந்திருக்கிறார்கள். சாப்பிடுவதற்கு முன்பு எதையும் மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார், கஞ்சியைக்கூட, நாங்கள் பகிடி பண்ணுவம் என்று எழுதியிருந்தாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்தது. தாங்களே புதைத்தோம். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், அக்கா.

“மணந்து பாப்பானோ?” என்று அக்கா கேட்டார்.

“ஓம். அம்மா எத்தினை அடி போட்டிருப்பா.”

“எங்கயாவது எழுதினனியோ?”

“இல்லை.”

அக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்தார். அது மச்சானின் கணக்கு, பழையது, கலியாணப் படங்களும் பிள்ளைகளும் நிறைந்தது. தமிழைப் பார்த்தார். கதைச்சனாங்கள், போனவர், சொன்னவர். படம் எதுவும் ஆதாரமாக அனுப்பவில்லை. அவசரப்படுத்தவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றும் இல்லை. அக்கா ஒரு பொய்க் கேள்வி எழுதச் சொன்னார்: சுதன் வயலின் வாசிப்பானே, அதைப் பற்றி ஏதாவது சொன்னானா? இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வயலின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அவர் அப்படிச் சொன்னதில்லை, நீங்கள் வேறு யாரையோ நினைக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது, படத்தை இன்னொருமுறை பார்த்தேன், அவர்தான்.

“இப்ப காசு கேப்பா, பாருங்கோ” என்றார் அக்கா. “முதல் நம்பப் பண்ணுவினம். பேந்துதான் கேப்பினம்.”

அதிலிருந்து கலா தினமும் வேலை முடிந்து மெட்ரோவில் நேராக இங்கேயே வந்துவிடுவார். தேநீர் ஆறும். அக்கா செய்திகளை முதலிலிருந்து திரும்பப் படிப்பார். கலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் போகும்போதெல்லாம் அக்கா, “இன்னும் ஒண்டும் கேக்கேல்ல” என்பார். கலா தலையசைப்பார். பொய்யைக் கண்டுபிடிக்க அக்கா இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. அவர் என்ன தேடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண் ஒரு கள்ளியாக இருக்க வேண்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். ஏமாற்றுக்காரியாக இருந்தால் சுதன் இன்னும் எங்கேயாவது இருக்கலாம்.

ஒரு மாலை நான் மேலே ஏறிப் போனபோது இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். புதிய செய்தி திறந்திருந்தது. அக்கா கலாவின் தோளைப் பிடித்திருந்தார். அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

“கேட்டிட்டாள்! பாரும், பிள்ளை, கேட்டிட்டாள்!” முதல் வரியைக் காட்டினார். அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

“மிச்சத்தைப் படிங்கக்கா” என்றேன்.

அவர் சுட்டியை நகர்த்தினார். உதடுகள் அசைய ஆரம்பித்தன. பிறகு நின்றன.

வெள்ளிக்கிழமை எங்கட கோயிலில அவருக்கு மோட்ச அர்ச்சனை செய்யப் போறம். ஐயர் நட்சத்திரம் கேக்கிறார். எங்களுக்குத் தெரியாது. தம்பியின்ர நட்சத்திரத்தை எழுதிவிடுவீங்களோ?

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொருமுறை படித்தார். “நட்சத்திரத்தை வைச்சு ஆரும் என்ன செய்யலாம்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். வெளியே யாரோ நடைபாதைப் பனியைச் சுரண்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“அக்கா?” என்றார் கலா. ஒரு வார்த்தைதான். கண்கள் அவரிடமே இருந்தன.

அக்கா கணினியை மெதுவாகக் கலாவின் பக்கம் நகர்த்தினார்.

“குடு” என்றார்.

கலா ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக ரோகிணி என்று அடித்தார். அடித்துவிட்டு அனுப்பாமல் நின்றார். “பிழையில்லாமல் இருக்கோ எண்டு பாருங்கோ.”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார்.

“சரியாத்தான் இருக்கு” என்றார்.